இருபத்தொரு வீரராயன் பணம்

உதியன்குளங்கரை
20.9.1954

அன்புள்ள மகள் சுகிர்தபாய்க்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அம்மாவும் தின்றும் குடித்தும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம் என்று எழுதியிருப்பாய் என்று கவரைக் கிழித்தால் நாலு பக்கமும் கண்ணீராக்கும். அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை, சுகம் என்று மட்டும் சொன்னேன். இங்கே போன மாசம் தெக்கே போலீசு கூட்டத்தின்மேல் வெடி வைத்ததிலிருந்து பஸ் ஓடினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. தமிழ்நாட்டோடு சேரணும் என்று ஒரு கூட்டம், கூடாது என்று ஒரு கூட்டம், ரெண்டு கூட்டமும் பீடி வாங்குவது என் கடையில்தான். ஆண்கள் லாக்கப்பில் கிடக்கிற வீடுகளிலிருந்து பெண்கள் மடியில் முடிந்து பழைய வீரராயன் பணம் கொண்டுவருகிறார்கள், மூணு குன்றிமணி எடைக்கு உள்ள பொடிப் பொன் காசு. நான் சொல்லுகிற விலைக்குத் தந்துவிட்டுப் போகிறார்கள். பாவம்தான், பாவம் பார்த்தால் கடை நடக்காது.

இனி உன் காரியம். மாப்பிள்ளை ஜெயதாஸ் குடித்துவிட்டு அடிக்கிறான், தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி வேலையும் போகப்போகிறது, வயிற்றில் ஐந்து மாசம், அதனால் கல்யாணத்துக்கு மாமியார் போட்ட வீரராயன் பணச் சங்கிலியைப் பினாங்கில் விற்றுக் கப்பல் டிக்கெட் எடுத்து வாறேன் என்று எழுதியிருக்கிறாய். அம்மாவிடமிருந்து உனக்கு அழுகை வந்தது, என்னிடமிருந்து கண் வரவில்லை. இந்த நாலு வருஷத்தில் அந்தச் சங்கிலியை ஒரு தரமாவது வெயிலில் பிடித்துப் பார்த்தது உண்டா? இப்போது பார். அசல் பணம் ஒவ்வொன்றும் கையால் அடித்ததாக்கும். முதலை மாதிரி உருவத்துக்கு ஒன்றில் தலை இருக்காது, ஒன்றில் வால் விளிம்புக்கு வெளியே போயிருக்கும், மறுபக்கத்துப் புள்ளி வரிசையும் கோணும். ஒன்றுபோல் இன்னொன்று வராது. உன்னுடைய இருபத்தொன்றிலும் மூன்றாவது புள்ளி சப்பையாக இருக்கும், எல்லாவற்றிலும் ஒரே இடத்தில். ஒரே ஒரு அசலை மண்ணில் பதித்து, செம்பை உருக்கி ஊற்றி, மேலே பொன்முலாம் பூசினது. விளிம்பை நகத்தால் வருடு, ஊற்றின தழும்பு தட்டும்.

இது இன்றைக்குக் கண்டதில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் உன் மாமியார் புஷ்பபாய் தட்டத்தில் வைத்து எல்லாருக்கும் காட்டினாளே, அப்போதே கண்டேன். உன் மாமனார் ராஜையாவைத் தனியே கூட்டிக்கொண்டுபோய் ஒன்றை உரைகல்லில் தேய்த்து ஒரு சொட்டு திராவகம் விட்டேன், பச்சையாகப் பொங்கிற்று. ஆளுக்கு வேர்த்து வழிந்தது. சம்பந்தி, சபையில நாறடிச்சிராதேயும், நாளைக்குக் கல்யாணமாக்கும் என்று கையைப் பிடித்தார். முதல் பெஞ்சுல இருந்து பாடுற ஆளாச்சே நீரு, செம்புக்கு ஞானஸ்நானம் குடுத்துக் கொண்டுவந்தீரோ என்று கேட்டேன். அழுதேவிட்டார். அடுத்த வாரம் உதியன்குளங்கரை முக்கில் ரோட்டோரம் அவருக்கு இருந்த ஏழு சென்ட் என் பெயரில் பதிவாயிற்று. என் கடை நிற்பது அதில்தான். நாளை இந்த ஊர் எந்த ராஜ்யத்துக்குப் போனாலும் ரோடு இங்கேதான் கிடக்கும்.

நீ என்னை வையலாம். கல்யாணத்தை நிறுத்தியிருந்தால் உன்னையும் வீட்டில் வைத்துக்கொண்டு இப்போதும் சந்தையில் சாக்கு விரித்துப் பாக்கும் பழம்பொன்னும் வாங்கி விற்றுக்கொண்டிருப்பேன். உன்னால் இந்த வீட்டுக்கு வந்த ஒரே ஆதாயம் அந்த ஏழு சென்ட். நீ அவனை விட்டுவிட்டு வந்து இறங்கினால் ராஜையாவுக்கு மறைக்க ஒன்றும் மிச்சம் இருக்காது, வாயைத் திறந்து நிலத்தைத் திருப்பிக் கேட்பார். அதனால் வராதே மக்கா. டிக்கெட்டுக்கு நானும் அனுப்பமாட்டேன். சங்கிலியை எந்த நகைக்கடையிலும் காட்டிவிடாதே, கள்ளி என்று உன்னைத்தான் போலீசில் பிடித்துக் கொடுப்பான். ஜெயதாசுக்கும் இது தெரியாது, தெரிந்தால் அந்த அடியும் உனக்குத்தான்.

அம்மா இப்போதும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் எனக்க மகளுக்குக் கழுத்து நிறைய வீரராயன் பணம் உண்டு என்று பெண்களிடம் சொல்லிக்கொண்டுதான் நிற்கிறாள். அதைக் கெடுக்காதே. கர்த்தர் உன்னையும் வயிற்றில் கிடக்கிறதையும் காத்து நடத்துவாராக. ஒன்றை மறக்காதே, சங்கிலியைப் புளி போட்டுத் தேய்க்காதே, முலாம் போய்விடும்.

உன் நன்மையை நினைக்கும் அப்பா
ரெத்தினதாஸ்