இரண்டு தறிகளின் இடத்தில் ஒரு பியானோ

நாலைந்து நாளாக மலைப்பக்கம் மழை. வீட்டுச் சுவரெல்லாம் ஈரம் பூத்துவிட்டது. பியானோவுக்குள்ளும் ஈரம் இறங்கியிருக்குமோ என்று இன்று காலை மேல்மூடியைத் திறந்தேன். பழைய மரமும் கம்பளியும் நீ போட்டுவைத்த அந்துருண்டையும் கலந்த அந்த வாசனை வந்தது. துடைக்க எடுத்த துணியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

உன்னைப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்த அன்று, காபியைக் கொடுத்த கையோடு கேட்டாயே: "உங்க வீட்டுல பியானோ நிக்க எடம் இருக்கா?"

நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக்காரன். வீட்டின் முன்பாதியே தறிக்கூடம். "ரெண்டு தறிய எடுத்துட்டா பியானோ நிக்கும்" என்றேன். உன் அப்பா இருமினார். நீ சிரித்தாய். கல்யாணம் அங்கேயே முடிவாகிவிட்டது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

நீ அப்போதே பெயர் வாங்கியவள். கால் தரைக்கு எட்டாத வயதில் சர்ச் பியானோவில் தொடங்கி, சென்னையில் கற்று, உதவித்தொகையில் ஜெர்மனிக்குப் போய்ப் படித்து, அங்கேயே மேடையேறியவள். இந்த ஊரில் குடியிருந்துகொண்டு வெளிநாட்டுக் கச்சேரிக்கெல்லாம் எப்படிப் போவாய் என்று என் அண்ணன் கேட்டதற்கு, "மத்தவங்க சென்னையில பிளேன் ஏறுதாங்க. நான் மதுரையில ஏறிக்கிடுதேன். அம்புட்டுத்தானே அத்தான்" என்றாய். அப்படியேதான் போய் வந்தாய்.

தறி ஓடும் இரைச்சலில் உனக்குப் பயிற்சி கெடுமே என்று நான் வருந்தியதுண்டு. "தறி தாளம் தப்பாது. என் விரல் தப்புனா அதுவே காட்டிக்கொடுத்துரும்" என்பாய். ஒருமுறை உன்னோடு ஜெர்மனிக்கு வந்தேன். உன் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ முடித்ததும் அரங்கமே எழுந்து நின்றது. சொந்தப் பெண்டாட்டிக்கு எழுந்து நிற்க முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு எல்லோரும் உட்கார்ந்த பின்னும் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த மழைக்காலத்தில்தான் அது நடந்தது. உன் அம்மாவைப் பார்க்க ஸ்கூட்டரில் போனவள், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் சறுக்கி விழுந்தாய். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. கட்டுப் போடும்போது, வலியிலும், "இது நம்ம தறித் துணியாங்க?" என்று கேட்டாய்.

கட்டுப் பிரித்ததும் மதுரை டாக்டர் விரல்களை மடக்கிப் பார்த்தார். "சமையல், வீட்டு வேலைக்கெல்லாம் பயமில்லம்மா" என்றார்.

"நான் அதுக்கு வரலை டாக்டர்" என்றாய் நீ.

அந்த ஆண்டுக் கச்சேரிகள் எல்லாம் போயின. தினமும் வெந்நீரில் கையை வைத்து, பிறகு ஒவ்வொரு விரலாக அழுத்திப் பழகினாய். நான் சோறு பொங்கக் கற்றுக்கொண்டேன். முன்பு கட்டைவிரலும் சுண்டுவிரலும் அநாயாசமாகத் தொட்ட தூரம் இப்போது எட்டவில்லை என்று தெரிந்த அன்றுதான் அழுதாய். நான் தறியை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எட்டாதத விட்டுருதேன். எட்டுறத இதுவரைக்கும் யாரும் வாசிக்காத மாதிரி வாசிக்கேன்" என்றாய்.

கை தேறியதும் சென்னையில் பெரிய அரங்கத்திலிருந்து அழைத்தார்கள். நீ ஒப்பவில்லை. "மொதல்ல ஸ்ரீவில்லிபுத்தூர். விழுந்த ஊருலயே எந்திரிக்கணும்" என்றாய். கல்யாண மண்டபம் பிடித்தோம். நம் துணிப் பேல் ஏற்றும் லாரியில், பேல்களையே நாலு பக்கமும் முட்டுக்கொடுத்துப் பியானோவைக் கொண்டுபோனோம். நம் தறிக்காரர்கள், கோர்ட்டு ஊழியர்கள், பால்கோவாக் கடைக்காரர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பாதிப்பேர் பியானோவை அன்றுதான் நேரில் பார்த்தார்கள்.

நீ மெதுவான ஒன்றை வாசித்து முடித்தாய். ஒரு கைதட்டல் இல்லை. முன்வரிசையில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்து, "முடிஞ்சிட்டா தாயி?" என்று கேட்டார்.

"இன்னும் இருக்கும்மா."

"அப்ப வாசி. நான் அடுத்த பஸ்ஸுக்குப் போய்க்கிடுதேன்."

மண்டபம் சிரித்தது. நீயும் சிரித்தாய். அதன் பிறகு நீ வாசித்ததைப் போல, ஜெர்மனியிலும் கேட்டவன் சொல்கிறேன், நீகூட அதுவரை வாசித்ததில்லை. முடிந்தபோது அந்த அம்மாதான் முதலில் கைதட்டினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ நாடுகள் உன்னை அழைத்தன. முன்பு வேகத்துக்காகக் கேட்டவர்கள் இப்போது உன் நிதானத்துக்காகக் கேட்டார்கள். போன வருஷம் நோய் வந்து படுக்கும்வரை நீ மேடையை விடவில்லை.

போன வாரம் மதுரை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பேச்சுவாக்கில் கேட்டார்: "வீட்டுல அவிய என்ன செய்தாவ?"

நீ இப்போது இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "பியானோ கலைஞர்" என்று வந்தது.

"அப்படியா. எங்கெல்லாம் வாசிச்சிருக்காவ?"

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தொடங்கினேன். மதுரை வந்து எல்லோரும் இறங்கிய பின்னும் நான் சொல்லி முடிக்கவில்லை.