ஈரமாக இருந்த எர்த் குழி

12-6-1974, புதன்

தி. நகர் ஜவுளிக்கடையில் மின்சார இன்ஸ்பெக்டராக இன்று சான்றிதழில் போட்ட கையெழுத்து உறுத்துகிறது.

டிரான்ஸ்பார்மரிலிருந்து வயர் வரும் இரும்பு பைப்புக்கு எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிக்கப் போனேன். மீட்டர் சரியாகவே காட்டியது. கசியும் கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழியைச் சுற்றி மண் சொதசொதவென்று இருந்தது. வயரிங் செய்த காண்டிராக்டர் சிரித்துக்கொண்டே நின்றான். சிரிக்கிற ஆளில்லை அவன்.

கிளம்பும்போது கடை வாட்ச்மேன் சொன்னார்: "நேத்து வரிக்கும் அந்த பைப்புல கை வெச்சா சுர்ருனு இழுக்கும் சார். இன்னிக்கி கம்முனு கீது."

ரிப்பேர் செய்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் கால் கழுவ இரண்டாவது சொம்பு எடுத்ததும் கமலா சண்டைக்கு வந்தாள். "மூணு நாளா குழாயில சொட்டுத் தண்ணி வரல, தெரியுமில்ல?"

அப்போதுதான் உறைத்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டதற்கு, இல்லையென்று சோடா வாங்கிக் கொடுத்த கடை அது. குழியில் கொட்ட மட்டும் ஏது அத்தனை தண்ணீர்? மண் நனைந்திருந்தால் மீட்டர் நல்லபடியாகத்தான் காட்டும்; காய்ந்தால் பைப் மறுபடி ஷாக் அடிக்கும். அது காண்டிராக்டருக்கும் தெரியும்.

வீண் சந்தேகமாகவும் இருக்கலாம். காலையில் சொல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும். இந்த வெக்கைக்கு அந்த ஈரம் விடியும்வரை நிற்குமா?

வாட்ச்மேன் ராத்திரி ஸ்டூலைப் போட்டு முதுகு சாய்ப்பது அந்த பைப்பில்தான்.