நான் மொழிபெயர்க்காத கேள்வி

2.10.86, சூக், சுவிஸ்
காலை ஏழிலிருந்து உணவகத்தில் உருளைக்கிழங்குத் தோல் சீவினேன். மத்தியானம் தேவாலயத்து ஃபிராவ் ப்யூர்கி வந்தா. அமெரிக்காவிலிருந்து மிஸிஸ் பிராண்டன் என்ற கறுப்பினப் பெண்மணி பேச வருகிறாவாம். உரிமைக்காகச் சிறை போனவ. தமிழாக்களுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டுமாம். யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் இங்கிலீஷ் படிப்பித்த வாய் இங்கே ஜெர்மனில் "யா, யா" மட்டும்தான் சொல்கிறது. ஓம் என்றுவிட்டேன்.

4.10.86
என்ன குரல் அது! அறுபது வயது, சின்ன உருவம். மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினா.

"கோப்பிக் கடையில் வெள்ளையருக்குப் பீங்கான் கோப்பை, எங்களுக்குத் தகரம். பீங்கானில் தரும்வரை எழும்ப மாட்டேன் என்று இருந்தேன். பல்லை உடைத்தார்கள். உடைந்த பல்லோடு மறுநாளும் போனேன்."

சிரித்து அந்த இடைவெளியைக் காட்டினா. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் சனம்தான் எல்லாரையும் விட அதிகம் கைதட்டியது. எங்கள் ஆக்களுக்குப் பெரியவரான குகநாதன் அண்ணை எழும்பி நின்றே தட்டினார்.

பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டா: "உங்கள் ஊரில் யாருக்கு வேறு கோப்பை வைத்திருந்தீர்கள்?"

முன்வரிசையில் என் கணவர். கடைசி வரிசையில் கலாவதி, என்னோடு வேலை செய்பவள். அவள் சமைத்ததைத் தொடக் கூடாது என்பது இவருடைய கட்டளை. சாதி.

"உங்கட ஊரிலயும் கஷ்டந்தானே எண்டு கேக்கிறா" என்றேன்.

5.10.86
ஊரில் எங்கள் வேலியில் கலாவதியின் சாதி ஆக்களுக்கென்று ஒரு தேங்காய்ச் சிரட்டை இருந்தது. நானே அதில் தண்ணீர் வார்த்திருக்கிறேன்.

6.10.86
கலாவதி கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "அக்கா, அந்த அம்மா கடைசியாக் கேட்டதை நீங்கள் சொல்லேல்லை."

"உமக்கு இங்கிலீஷ் தெரியுமோ?"

"கப் எண்டால் தெரியும்."

சீ, நானும் ஒரு மனுசியோ?

20.11.86
உண்மையை எழுதி மிஸிஸ் பிராண்டனுக்குக் கடிதம் போட்டிருந்தேன். ஏசுவா என்று நினைத்தேன். இன்று பதில்:

"மகளே, நானும் முப்பத்திநாலு வயதில்தான் வாய் திறந்தேன். கேள்வி இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது."

நாலு தரம் வாசித்துவிட்டேன். அடி வாங்கிய ஒருத்திக்கு இவ்வளவு பெரிய மனம் எங்கிருந்து வருகிறது?

17.1.87
சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்த பொங்கல். அதே மண்டபம், நாற்பது பேர். எழும்பினேன். "அண்டைக்கு நான் ஒரு கேள்வியை மறைச்சுப்போட்டன்" என்று தொடங்கி, அவ கேட்டதை அப்படியே சொன்னேன். சிரட்டையையும் சொன்னேன். அவவின் குரல் எனக்கு வரவில்லை. ஆனால் முடித்தேன்.

குகநாதன் அண்ணை குடும்பத்தோடு வெளியேறினார். இவர் போகவில்லை, தலை குனிந்தபடி இருந்தார். வீட்டில் சப்பாத்தைக் கழற்றியபடி கேட்டார்.

"அவ கேட்டது மெய்யாவே இதுதானோ?"

"ஓம்."

25.1.87
கலாவதி வீட்டில் மத்தியானச் சாப்பாடு. இவரும் வந்தார். வாசலில் கொஞ்ச நேரம் தயங்கி நின்றார். பிறகு உள்ளே வந்து இருந்தார். இரண்டாம் தரம் மீன்குழம்பு கேட்டு வாங்கினார்.