இரண்டு அங்காளம்மாள்

ஜூன் 3, 2024

இன்று வேலை செய்துவிட்டது. போனைக் கேபிளில் மாட்டினால் போதும். படங்களை என் கணினி இழுத்துக்கொள்ளும், போன்காரர் பெயரோடு 001, 002 என்று எண் போடும், மொத்தமாகக் கிளவுடில் ஏற்றும், ஏறியதும் போனிலிருந்து அழிக்கும். தண்ணீர்ப் பம்பு ஓட்டியவனுக்கு இதெல்லாம் வராது என்றான் பிரபு. பெற்ற பிள்ளை! யூடியூபைப் பார்த்தே கற்றேன். பட்டினப்பாக்கத்தில் எங்கள் தெருவே போனில் இடமில்லை என்று புலம்புகிறது. வரட்டும் என்னிடம்.

ஜூன் 8

முதல் ஆள், நண்டு விற்கிற அங்காளம்மாள். 212 படங்கள். “இன்னா பெர்சு, அழிச்சிட்டா காணாப் பூடாது?” என்றாள். என்னை நம்பு என்றேன்.

மருமகள் கயல் எட்டிப் பார்த்தாள். “மாமா, தெருவுல ரெண்டு அங்காளம்மா கீறாங்க. நண்டுன்னு சேத்துப் போடுங்க.”

ஒரு பெண்பிள்ளை பெயருக்கு முன்னால் நண்டா? முடியாது என்றேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

ஜூன் 15

இதுவரை பதினோரு போன். இன்று மாடி வீட்டு அங்காளம்மாள், 190 படங்கள். ஒரு தடங்கல் இல்லை. பிரபு பார்த்திருக்க வேண்டும்.

ஜூலை 2

நண்டுக் கூடையோடு வந்தாள். ஆடி பிறந்தால் புருஷன் முனியன் செத்து ஒரு வருடம். “அது மூஞ்சி நல்லா கீற படமா ஒண்ணு குடு. பெர்சா போட்டு மாட்டணும்.”

திறந்தேன். அங்காளம்மாள்-001, மாடி வீட்டுப் பேரனின் காதுகுத்து. 002-ம் அதுவே. 190 வரை மாடி வீட்டுப் படங்கள். ஒரே பெயர், பழையதை அழித்துவிட்டுப் புதியது உட்கார்ந்திருக்கிறது. 191 முதல்தான் இவளுடையவை. ரேஷன் அட்டை, மருந்துச் சீட்டு, நண்டு. எல்லாம் முனியன் போன பிறகு எடுத்தவை.

“நெட்டு சரியில்லம்மா, நாளைக்கு வா.”

ஜூலை 3

இன்றும் நெட்டு சரியில்லை என்றேன்.

ஜூலை 5

எல்லா இடத்துலயும் தேடியாச்சு. இல்ல. போன்லயும் இல்ல — நான்தானே அழிச்சேன். அவ பயந்துதானே கேட்டா?

கயலுக்குத் தெரிந்துவிட்டது. திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஜூலை 7

சொல்லிவிட்டேன். அவள் கடையில், வாங்க வந்தவர்கள் முன்னால். நெட்டு பொய் என்பதையும் சொன்னேன். பட்டப்பெயர் போட மறுத்ததைச் சொன்னபோது கத்தியைக் கீழே வைத்தாள்.

“என் பேரே நண்டு அங்காளம்மாதான். எனக்கே இல்லாத வெக்கம் உனக்கு இன்னாத்துக்கு?”

அதற்குமேல் என் பக்கம் திரும்பவில்லை.

ஜூலை 13

ஆறு நாளாக வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். அவரவர் வீட்டு விசேஷப் படங்களில் முனியன் எங்காவது நிற்கிறானா என்று. ஏழு கிடைத்தன. ஒன்று, மாடி வீட்டுக் காதுகுத்திலேயே. பந்தல் ஓரம்.

தானாக ஏற்றவிடவில்லை. ஒவ்வொன்றாகக் கையால் ஏற்றினேன். நண்டு அங்காளம்மாள்-முனியன்-1 என்று அடிக்கும்போது கை தயங்கவில்லை. அன்று ஏன் அப்படி அடம்பிடித்தேன்?

ஜூலை 14

ஏழையும் பிரிண்டு போட்டுக் கொண்டுபோனேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். எதிலும் முகம் நேராக இல்லை. அதை நானே சொன்னேன்.

“அது அப்டித்தான். கூப்ட்டாத்தான் திரும்பும்” என்றாள். காதுகுத்துப் படத்தை மட்டும் தனியே எடுத்துவைத்தாள்.

பிறகு அதைப் போனில் படம் பிடிக்கப் பார்த்தாள். சரியாக வரவில்லை. குடு, நான் எடுக்கிறேன் என்று கை நீட்டினேன்.

போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.