உங்கள் தோலைத் தொடாத கைகள்

ராத்தா,

இன்று கல்முனைக் கடைத்தெருவில் ஒரு பார்மசிக்குள் நின்றேன். கவுண்டரில் இருந்த பிள்ளை ஒரு லோஷன் போத்தலைத் திறந்து என் மூக்கருகே நீட்டினாள். "வாசத்தப் பாருங்க, றோஸ்," என்றாள். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. அவள் என்ன செய்வாள், பாவம். வாங்க வந்ததை வாங்காமலே வெளியேறி வெயிலில் நின்றேன். நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு நோன்புப் பெருநாளும் கழிந்துவிட்டது. அந்த வாசம் எங்கு வந்தாலும் உங்கள் முதுகு எரிந்ததுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

சாய்ந்தமருதில் எத்தனையோ பிள்ளைகள் நீங்கள் தைத்த சீருடையோடுதான் பள்ளிக்கூடம் போனார்கள். மார்பில் வந்த கட்டியை வெட்டியெடுத்த பிறகும் மெஷினை மூடி வைக்க நீங்கள் சம்மதிக்கவில்லை. மட்டக்களப்புக்குப் போய் கீமோ ஏற்றிவிட்டு வந்து, வாந்தி அடங்கியதும் துணியை எடுத்து விரிப்பீர்கள். முடி கொட்டியபோது கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தவர் நீங்கள். உங்களை உடைத்தது அரிப்புதான்.

முதலில் உள்ளங்கை. பிறகு முதுகு, கழுத்து, கால். தோல் உலர்ந்து செதில் செதிலாகக் கிளம்பியது. "கடற்கரையில காயப்போட்ட கருவாடு மாதிரி ஆயிட்டன் புள்ள," என்றீர்கள். துணி அளக்கும் அடிமட்டத்தைச் சட்டைக்குள் விட்டு முதுகைச் சொறிவீர்கள். கழுவப் போட்ட சட்டைகளில் இரத்தக் கோடுகளைப் பார்த்தவள் உங்கள் தங்கச்சி நான்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரு மருந்து இருந்தது. ஒருத்தி வேப்பிலை அரைத்துப் பூசச் சொன்னாள், இன்னொருத்தி கொதிநீரில் குளிக்கச் சொன்னாள். நம் கூடப்பிறந்த காக்காவின் பொஞ்சாதி வாசனைத் தைலம் ஒன்றைக் கொண்டு வந்தா. பூசியதும் நீங்கள் துடித்தீர்கள். "எரியத்தான் செய்யும் மச்சி, எரிஞ்சாத்தான் சுகம். உசிரு தப்பினதுக்கு அல்லாஹ்வுக்கு ஷுக்ர் செய்யுங்க. கொஞ்சம் சபூர் செய்யுங்க," என்றா. அவ நின்றதோ வாசற்படியில். போத்தலை நீட்டிய கை உங்கள் கையில் பட்டுவிடாமல் பார்த்துக்கொண்டா.

சபூர், பொறுமை, பெரிய சொல், ராத்தா. அதைச் சொறிகிறவளின் வாயில் அடைக்கும் பஞ்சாக்கியவர்கள் மேல்தான் என் கோபம். அவர்களில் எவருக்காவது ஒரு நுளம்பு கடித்தால் கை தானாக அங்கே போகாதா?

பிறகு அந்தக் கல்யாண உடுப்பு. காக்காவின் மகளுக்கு நீங்கள்தான் தைப்பதாக, அவள் பிறந்த நாளிலிருந்தே சொல்லி வந்தீர்கள். வெடித்த விரல்களில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு, பட்டில் ஒரு பொட்டு இரத்தமும் படாமல் தைத்து முடித்தீர்கள். அதை எடுக்க வந்த காக்காவின் பொஞ்சாதி, பையின் காதை இரண்டு விரலால் பிடித்தபடி சொன்னா:

"கோவிக்காதீங்க மச்சி. கொழும்பில வேற ஒரு உடுப்பு எடுத்தாச்சு. புள்ளைக்கு இது ஒட்டிட்டா என்ன செய்யிற?"

காக்கா பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்க முன்னர் என் கையை அழுத்திப் பிடித்தீர்கள். அவர்கள் போன பிறகு மெஷினை மூடினீர்கள். "இனி கீமோ ஊசிக்குப் போகமாட்டன். இந்தத் தோலோட ஏலா எனக்கு," என்றீர்கள். புற்றுநோய்க்குப் பயப்படாத நீங்கள், தொற்றாத ஒன்றுக்காக ஊர் விலக்கி வைத்தபோது, உயிரையே வேண்டாம் என்றீர்கள்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். ஒவ்வொரு முறையும் டொக்டர் கேட்டபோது, "ஒண்டுமில்ல" என்று தலையாட்டியவர் நீங்கள். சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். அடுத்த முறை உங்களை வேனில் ஏற்ற நான் சண்டை பிடிக்க வேண்டியிருந்தது. உடம்பில் ஏதும் கரைச்சல் உண்டா என்று தாதி கேட்டா. நீங்கள் மறுபடியும் "ஒண்டுமில்ல" என்றீர்கள். நான் உங்கள் சட்டைக் கையை இழுத்துச் சுருட்டிக் காட்டினேன்.

தாதியின் முகம் மாறியது. "ஏனம்மா இத இவ்வளவு நாளும் மறைச்ச நீங்க? இதுக்கும் எங்களிட்ட வைத்தியம் இருக்கு." டொக்டர் வந்து பார்த்தார். ஈரல் எப்படி இருக்கிறதென்று அறிய இரத்தம் எடுத்தார்கள். நல்லவேளை, பழுதில்லை. அரிப்புக்கு விழுங்கக் குளிசை தந்தார்கள். வாசனைச் சவுக்காரம், தைலம், கொதிநீர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். இளஞ்சூட்டு நீரில் சுருக்கமாகக் குளித்து, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, ஈரம் காயுமுன் வாசமில்லாத கிறீமைத் தாராளமாகப் பூச வேண்டும். நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். தடிப்போ காய்ச்சலோ கண்டால் உடனே வர வேண்டும்.

இவ்வளவுதானா? திரும்பி வரும் வழியெல்லாம் அதே கேள்விதான் எனக்குள் கொதித்தது. இவ்வளவுக்காகவா உங்களை இத்தனை நாள் சொறிய விட்டோம், எரிய விட்டோம்?

வீட்டுக்கு வந்ததும் தைலப் போத்தலைக் குப்பையில் எறிந்தேன். கிறீமை பிரிட்ஜில் வைத்து, குளிர்ந்ததும் முதுகில் பூசினேன். உங்கள் வீட்டுக்கார மச்சானின் பழைய மருதமுனைப் பருத்திச் சாரனைக் கிழித்து, தளர்வாக ஒரு சட்டை தைத்துப் போட்டீர்கள். சில நாளில், ஒரு பகல், சொறியாமல் தூங்கினீர்கள். பகல் தொழுகைக்கு ளுஹர் பாங்கு சொல்லியும் உங்களை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. தொழுகை வக்து முடிய முன்னர்தான் எழுப்பினேன்.

கல்யாணம் முடிந்து காக்காவும் பொஞ்சாதியும் பலகாரத் தட்டோடு வந்தது அதற்குப் பிறகுதான். நான் கிறீம் டப்பாவைக் காக்காவின் பொஞ்சாதி முன்னால் நீட்டினேன். "நான் தேத்தண்ணி ஊத்தப் போறன். ராத்தாட முதுகில கொஞ்சம் பூசிவிடுங்க."

அவ கை எழவில்லை. "நான் தொழக் கை கால் கழுவி வுழுவோட இரிக்கன்," என்றா.

"கிறீம் பூசினா வுழு முறியும் எண்டு ஆரு சொன்ன?" என்று கேட்டேன். நீங்கள்தான் சிரித்தீர்கள். "விடு புள்ள. அவக்குப் பயம். பயத்துக்கு நம்மளிட்ட கிறீம் இல்ல."

அந்தச் சிரிப்பு உங்களால் முடிந்தது. என்னால் இன்றுவரை முடியவில்லை.

ஊசியை முழுதாக ஏற்றி முடித்தீர்கள். முடி முளைத்தது, மெஷின் மறுபடி ஓடியது. பிறகு நோய் வேறு இடத்தில் தலைகாட்டியது, அதற்கு யார் மேலும் நான் கோபிக்கவில்லை. அது அல்லாஹ்வின் நாட்டம். ஆனால் ஜனாஸா வீட்டில், உங்களைக் குளிப்பாட்டிக் கபன் துணி போர்த்திய பிறகு, முகம் பார்க்க வந்த காக்காவின் பொஞ்சாதி குனிந்து உங்கள் கன்னத்தை இரண்டு கையாலும் தடவி, நெற்றியில் முத்தமிட்டு, "தங்கமான மனிசி" என்று கதறினா. அரிப்போடு உயிரும் நின்றுபோன தோலைத் தொட அவவுக்குப் பயமிருக்கவில்லை. மையித்து வீட்டில் சத்தம் போடக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பல் இன்னும் கடித்தபடியே இருக்கிறது.

இப்போது கீமோ ஏற்றிய வீடென்று கேள்விப்பட்டால் போகிறேன். வாசலில் நிற்பதில்லை, கட்டிலில் போய் உட்காருகிறேன். போன கிழமை கல்முனைக்குடியில் ஒரு பெண் முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு இருந்தா. எங்கே அரிக்கிறது என்று கேட்டேன். சுற்றி நின்றவர்களைப் பார்த்துவிட்டு, "சபூரா இரிக்கன்," என்றா.

"சபூர் பொறகு செய்யலாம்," என்றேன். "முதல்ல முதுகக் காட்டுங்க. ஆஸ்பத்திரியில சொல்ல வேண்டியத நானும் வந்து சொல்றன்."