வெள்ளைத்தாள் ஒட்ட ஒரு வெளியாள்

பக்கத்தில் உங்கள் வீட்டை வாங்கியவர்கள் இன்று காலை சீடர் மரவேலியை வெட்டினார்கள். எங்கள் பியர்பொன்ட்ஸ் பகுதியில் அந்த வேலி இல்லாத வீடு குறைவு. ஆனாலும் பச்சை வாசம் குசினி யன்னலால் வந்தபோது அடுப்பை நிறுத்திவிட்டு நின்றேன். மாதத்தின் முதலாம் திகதியும் பதினைந்தாம் திகதியும் நீங்கள் அதில்தான் இரண்டு கொப்பு முறிப்பீர்கள். ஜப்பானில் காமி என்ற உங்கள் சாமிக்கு வைக்கும் மரம் இந்தக் குளிரைத் தாங்காதாம். "உங்கள் காமிக்குக் கோபம் வராதா?" என்று கேட்டேன். "இதுவும் மரம்தானே, மதாம்," என்றீர்கள்.

பதினொரு வருடமும் நாம் ஒருவரையொருவர் மதாம் என்றே கூப்பிட்டோம். நமக்குப் பொதுவாக இருந்தது அரைகுறைப் பிரெஞ்சுதான். அதை வைத்துக்கொண்டு நீங்கள் உங்கள் ஷின்டோ சமயத்தைச் சொல்லித்தந்தீர்கள். நான் நூலகத்துப் புத்தகத்தைப் பார்த்துவந்து குறுக்குக் கேள்வி கேட்டேன். எங்கள் சைவ சித்தாந்தத்தில் உயிரின் அழுக்கான மலம் செம்பில் களிம்புபோல ஆதியிலேயே ஒட்டியிருப்பது. உங்களுக்கோ அது மேலே படிந்த தூசு. மனிதர் சுத்தமாகவே பிறக்கிறார்கள், படிந்ததைக் கழுவினால் போதும் என்றீர்கள். எனக்கு அது பிடிபடவில்லை. நான் விரதத்தையும் பிறப்பு இறப்புத் துடக்கையும் கொப்பியில் திகதி போட்டு எழுதிவைக்கிறவள்.

உங்கள் கணவர் ஆஸ்பத்திரியில் மோசம்போன அன்று கந்தசஷ்டி நாலாம் நாள். லொங்குய்யில் இருக்கும் என் மகளுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போய், மூன்றாவது ஐந்து மாதமாக இருந்தது. அந்த விரதம் அவளுக்காக.

நீங்கள் வந்து எங்கள் வாசற்படிக்குக் கீழே நின்றீர்கள். கையில் ஒரு வெள்ளைத்தாள்.

"மரணம் நடந்த வீட்டில் சுவரிலுள்ள சாமித்தட்டைத் தாளால் மூடவேண்டும். நாங்கள் வீட்டுக்காரர், தொடக்கூடாது. வெளியாள்தான் ஒட்டவேண்டும். உங்களைத் தவிர யாரைக் கேட்பேன், மதாம்?"

நான் வாய் திறக்க முதல் உள்ளே இருந்து என் கணவர் குரல் கொடுத்தார். "இஞ்சேரும், செத்தவீட்டுக்கே போகப்போறீர்? நாலு நாள் பட்டினி கிடந்தது வீணாப்போம். பேந்து பிள்ளைக்கு ஒண்டெண்டால் என்னோட வந்து அழாதையும்."

தமிழ் தெரியாவிட்டாலும் உங்களுக்கு விளங்கியது. "விரதம்..." என்று நான் இழுத்தேன். "பரவாயில்லை, மன்னியுங்கள்," என்று குனிந்து வணங்கிவிட்டுத் திரும்பி நடந்தீர்கள். ஒரு சொல் கடிந்து பேசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

விளக்கின் முன் போய் இருந்தேன். மந்திரம் வாயில் ஓடவில்லை. மகளுக்குத் தொலைபேசி அடித்தேன். முழுவதையும் கேட்டாள்.

"அம்மா, நீங்கள் அங்க போய், பேந்து எனக்கு ஏதும் நடந்தால், அந்த மனிசிதான் காரணம் எண்டு சொல்லுவீங்களோ?"

"சீ, இல்லை."

"அப்ப முந்தி ரெண்டு தரமும் ஆர் காரணம்? நானோ?"

அந்த இரண்டு தரமும் எந்த விரதத்தில் பிழை வந்ததென்று நான் கொப்பியைப் புரட்டியது அவளுக்குத் தெரிந்திருந்தது. வைத்தியர்கள் காரணம் தெரியாது என்றார்கள். நான்தான் காரணம் தேடினேன்.

"போங்கோ அம்மா. போட்டு வந்து முழுகுங்கோ."

சப்பாத்தைப் போடும்போது இவர் வழியில் நின்றார். "முருகன் கோவிக்கப்போறார்."

"கோவிச்சால் அவரோட நான் கதைக்கிறன். நீங்கள் தள்ளுங்கோ."

உங்கள் வீட்டில் கதிரையில் ஏறி நின்று தாளை ஒட்டினேன். ஒட்டுநாடா இரண்டு தரம் சுருண்டது. அறைக்கு வெளியே, உள்ளே பாராமல் நின்றீர்கள். நான் திரும்பும்போது வாசலில் வைத்திருந்த உப்பைக் காட்டித் தூவிக்கொள்ளச் சொன்னீர்கள். "இது குற்றமல்ல, மதாம். துக்கத்தில் உயிர் வாடுகிறது, அவ்வளவுதான். கழுவிவிட்டு உங்கள் கடவுளிடம் போங்கள்."

உப்பும் முழுக்கும் பயத்தைக் கழுவவில்லை. அடுத்த நாலு மாதமும் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் முதலில் மகளின் இலக்கமா என்று பார்த்தேன். பங்குனியில் பேரன் சுகமாகப் பிறந்தான். கந்தன் தந்தாரோ, உங்கள் காமி தந்தாரோ என்று நான் ஆராயவில்லை. அந்த நாலாம் நாளுக்கு நேரே கொப்பியில் முறிந்தது என்றும் எழுதவில்லை, நிறைந்தது என்றும் எழுதவில்லை. இப்போது கோயிலில் பெண்கள், பிள்ளைக்கு வந்த வருத்தத்துக்குத் தங்கள் மேல் பிழை தேடிக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருக்கும்போது, நீங்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன். குற்றமல்ல, வாட்டம்.

போன ஆடியில் நீங்களும் போய்ச்சேர்ந்தபோது உங்கள் மகன் வன்கூவரிலிருந்து வந்து, வெள்ளைத்தாளை என்னிடம் நீட்டினார். அம்மா உங்களைத்தான் கேட்கச் சொல்லியிருந்தார் என்றார். கதிரையில் ஏறினேன். தாளைத் தூக்கிப் பிடித்தேன். பிறகு இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து இவரைக் கூப்பிட்டேன். "ஒருக்கால் வாங்கோ. வெளியாள் வேணும், நீங்கள்தான் ஒட்டவேணும்."

"நான் ஏன்? உம்மட சிநேகிதியெல்லே?"

"அதாலதான்."

என் முகத்தைப் பார்த்தார். வாதாடாமல் வந்து, கதிரையில் ஏறி, ஒரு சுருக்கமும் இல்லாமல் ஒட்டினார். நானும் உங்கள் மகனும் அறைக்கு வெளியே நின்றோம்.

அன்றே எங்கள் சாமியறையைச் சாத்தினேன். துடக்கு எங்களில் முப்பத்தொரு நாள், உங்களில் ஐம்பது. நான் ஐம்பதும் காத்தேன்.

"ஐம்பது நாளோ? அவ உமக்கு என்ன முறை?" என்று கேட்டார் இவர்.

அந்தக் கேள்வியை இன்னும் வைத்திருக்கிறேன், மதாம். நம்முடைய பிரெஞ்சிலும் அதற்குச் சொல் இல்லை.