புதன்கிழமை ஈரம்

மார்ச் 3, ஞாயிறு

சாமான் இறங்குவதற்கு முன்னால் வெறும் வீட்டைப் படம் எடுத்து முடித்தேன். நூற்றுப் பன்னிரண்டு படங்கள். எல்லாம் அக்காவின் உத்தரவு. முன்பு இருந்த வாடகை வீட்டில், அவள் உடைக்காத கதவுக்கு அவள் அட்வான்ஸில் கை வைத்தார்கள். அன்றிலிருந்து யார் வீடு மாறினாலும் இதே பாடம்தான். "ஆணி அடிச்ச ஓட்டையைக்கூட விடாத. இன்னைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பிடு" என்றாள். அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

சாவி கொடுத்தது அவர் மனைவி. நான் சமையல்மேடைக்கு அடியில் குனிந்து படம் எடுப்பதைக் கதவோரம் நின்று பார்த்தார். மேல்வீடும் அவர்களுடையதுதானாம், இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறதாம்.

மார்ச் 8, வெள்ளி

படுக்கையறைச் சுவரின் மேல் மூலையில் ஈரம். உள்ளங்கை அகலம். முதல் நாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் — அதிலேயே இருக்கிறது, சட்டைப் பொத்தான் அளவுக்கு. ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க எக்ஸ்ரே எடுத்து நிழல் தேடுகிறவள் நான். என் சுவரில் இருந்ததைப் பார்க்கவில்லை. வெட்கம்தான்.

இனி தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு படம். பக்கத்தில் ஸ்கேல் ஒட்டி, அதே இடத்தில் நின்று.

மார்ச் 14, வியாழன்

நேற்றுக் காலை வரை ஓரம் காய்ந்துகொண்டுதான் வந்தது. இன்று காலை நாலு சென்டிமீட்டர் கூடுதல். நேற்று அப்படி என்ன செய்தேன்? மழையும் இல்லையே.

மார்ச் 17, ஞாயிறு

வீட்டுக்காரர் வந்தார். சுவரைத் தொட்டார், குளியலறையை எட்டிப் பார்த்தார். நான் தண்ணீரைக் கண்டபடி ஊற்றுவதுதான் காரணமாம். குளியலறை எதிர்ப்பக்கம் அல்லவா என்றேன். காதில் விழாத மாதிரி இருந்தார். முதல் நாள் படத்தைக் காட்டினேன்.

"பொட்டு மாதிரி இருந்ததை நீங்கதானேம்மா இவ்வளவு பெருசாக்கியிருக்கீங்க?"

மாதக் கடைசிக்குள் வேறு காரணம் தெரியாவிட்டால் பூச்சுவேலையும் பெயின்டும் என் அட்வான்ஸில். வேறு வீடு பார்த்துக்கொள்வதும் நல்லது என்பதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆஸ்பத்திரிக்கு நடந்து போற தூரத்துல இன்னொரு வீடு எங்க கிடைக்கும்?

மார்ச் 21, வியாழன்

மறுபடியும் புதனுக்கும் வியாழனுக்கும் நடுவில். மூன்று சென்டிமீட்டர். தண்ணீருக்குக் கிழமை தெரியுமா என்ன?

மார்ச் 27, புதன்

லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். பன்னிரண்டரைக்கு மேல்வீட்டில் பூட்டுத் திறக்கும் சத்தம். குழாய் ஓடியது. பிறகு ஒன்றுமே இல்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குள் ஒரு ஆள் இவ்வளவு அமைதியாக என்னதான் செய்ய முடியும்? ஒரு மணி நேரம் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. மேலே போய்த் தட்டினேன்.

வீட்டுக்காரரின் மனைவி. கன்னத்தில் தலையணை மடிப்பு. பின்னால் வெறும் கூடம், தரையில் ஒரு மெத்தை.

"தூங்க வந்தேன்" என்றார், நான் கேட்பதற்கு முன்பே.

புதன்கிழமை வீட்டுக்காரர் தன் கடைக்குச் சரக்கு எடுக்க வெளியூர் போவாராம். அன்றைக்கு மட்டும் இரண்டு மணி நேரம் இங்கே. வீட்டில் மாமனார், மாமியார், இரண்டு கொழுந்தனார் குடும்பம். "அங்க நான் படுத்தா உடனே யாராவது கூப்பிடுவாங்க" என்றார். வந்ததும் மெயின் வால்வைத் திறந்து முகம் கழுவுவார், போகும்போது மூடுவார். அவ்வளவுதான்.

படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். எங்கோ குழாய் விரிசல் விட்டிருக்கிறது என்பது இருவருக்கும் புரிந்தது. "கிழமையோட இதைப் பாத்தா அவர் கண்டுபிடிச்சிடுவாரு. மேல்வீட்டையும் வாடகைக்கு விட்டுடுவாரு" என்றார். காட்டாதே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபமாவது வந்திருக்கும்.

மார்ச் 28, வியாழன்

அக்காவிடம் சொன்னேன். "பாவம் பாத்தா நீதான் மூட்டையைக் கட்டணும். அனுப்புடி." அவள் சொல்வது சரி. அனுப்பவில்லை.

மார்ச் 31, ஞாயிறு

போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். காட்டுவதா, வேண்டாமா — கதவு மணி அடிக்கும் வரை முடிவு செய்யவில்லை. வீட்டுக்காரரும் மனைவியுமாக வந்தார்கள். நான் வாய் திறப்பதற்குள் வீட்டுக்காரம்மா பேசிவிட்டார்.

"இந்தப் பொண்ணு மேல தப்பில்லைங்க. மேல தண்ணியைத் திறக்கிறது நான்தான். புதன்கிழமை அங்க போய்த் தூங்குறேன்."

வீட்டுக்காரர் சிரித்தார். கூடச் சிரிக்க யாரும் இல்லாததால் நிறுத்திக்கொண்டார்.

"ஏன், வீட்ல கட்டில் இல்லையா?"

"கட்டில் இருக்கு. தூக்கம்தான் இல்ல."

என் போனில் இருந்த படங்களை வீட்டுக்காரர் கேட்டு வாங்கி, தேதி தேதியாகப் பார்த்தார். இத்தனை வாரமாகவா என்று மெதுவாகக் கேட்டார். குழாய்தான் இப்போது உடைந்தது, தான் வருவது இரண்டு வருடமாக என்றார் வீட்டுக்காரம்மா. அதன் பிறகு அவர் என் அட்வான்ஸைப் பற்றிப் பேசவே இல்லை.

ஏப்ரல் 4, வியாழன்

பிளம்பர் வந்தார். மேல்வீட்டுக் குழாயின் வளைவில் முடி அளவு விரிசல். செலவு வீட்டுக்காரருடையது.

ஏப்ரல் 17, புதன்

சுவர் காய்ந்துவிட்டது. வேலை முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்குள் நுழையும்போது வீட்டுக்காரர் வெளியூரிலிருந்து கூப்பிட்டார். மனைவி போனை எடுக்கவில்லையாம். மேலே இருக்கிறாரா என்று பார்க்கச் சொன்னார். படியேறிப் பார்த்தேன். வாசலில் செருப்பு, கதவு சாத்தியிருந்தது.

"தூங்குறாங்க சார். எழுப்பணுமா?"

லாரிச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் வந்தது.

"வேணாம்மா. அவசரமில்ல."

மேலே பூட்டும் சத்தம் கேட்டபோது மணி ஐந்தேகால்.